ஆவடி டாங்க் ஃபேக்டரியும் கிருஷ்ண மேனனும்: கோவாவில் பலித்தது லடாக்கில் ஏன் பலிக்கலை?

ஆவடியில் எச்.வி.எஃப்.னு சொன்னால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்க மாட்டார். டாங்க் ஃபேக்டரி. 1961-ல் அது தொடங்கப்பட்டபோது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். முதல் டாங்க் வெளியே வந்த 1965-ல் அவர் அந்தப் பதவியில் இல்லை. நடுவில் நடந்தது சீனப் போர்.

மேனன் 1896-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அன்னி பெசன்ட்டின் அடையாறு வட்டத்தில் இருந்து, 1924-ல் லண்டன் போனார். அங்கே இந்தியா லீக் அமைப்பு மூலம் விடுதலைக்குப் பிரசாரம். நேருவின் நட்பும் அப்படித்தான் கிடைத்தது. 1947-ல் பிரிட்டனுக்கான இந்தியத் தூதர் ஆனார்.

அவருடைய பலம் பேச்சுவார்த்தை. கொரியப் போரில் சமாதானம் ஒரே விஷயத்தில் சிக்கி நின்றது: ஊர் திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது? அவர்களை நடுநிலை நாடுகளின் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனையை 1952-ல் ஐ.நா.வில் கொண்டுவந்தவர் மேனன். 1953 போர்நிறுத்தத்தில் அந்தக் குழுவுக்கு இந்தியாவே தலைமை ஏற்றது. தலைவர் ஜெனரல் திம்மையா. (பின்னாளில் இதே திம்மையா ராணுவத் தளபதியாக இருந்து, மேனனோடு மோதி, 1959-ல் ராஜினாமா கடிதம் கொடுத்து, நேரு கேட்டதால் திரும்பப் பெற்றார்.)

1957-ல் பாதுகாப்பு அமைச்சரானதும் மேனன் பிடிவாதமாகச் சொன்னது, ஆயுதத்தை நாமே செய்யணும் என்பது. ராணுவத் தொழிற்சாலைகளில் காபி மெஷின் செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. ஆனா பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு டாங்க் தயாரிப்பு ஆவடிக்கு வந்ததும் அதே காலத்தில்தான்.

1961 டிசம்பரில் கோவா. 14 வருஷம் பேசியும் போர்ச்சுகல் அசையவில்லை. ராணுவம் நுழைந்து இரண்டே நாளில் முடித்தது. பாதுகாப்பு கவுன்சிலில் இந்தியாவைக் கண்டித்து வந்த தீர்மானத்தை சோவியத் யூனியன் வீட்டோ போட்டு நிறுத்தியது. படைபலம், எதிராளிக்கு உதவி வர வழியின்மை, ஐ.நா.வில் ஒரு நண்பர் என மூன்றும் கைகூடின.

லடாக்கில் மூன்றுமே இல்லை. 1960-ல் சூ என்லாய் டெல்லி வந்து நடத்திய பேச்சு முறிந்தது. அடுத்த வருஷம், சீனா உரிமை கோரிய பகுதிகளில் சிறு சிறு காவல் நிலைகளை இந்தியா வைக்க ஆரம்பித்தது. பலவற்றில் சில டஜன் வீரர்கள், பழைய .303 துப்பாக்கி, விமானத்திலிருந்து போட்டால்தான் சாப்பாடு. சீனா பெரிய போருக்கு வராது என்ற நம்பிக்கைதான் ஆதாரம். மிரட்டல் மாதிரி இருந்தது, மிரட்ட பலம் இல்லை. 1962 ஜூலையில் ஜெனீவாவில் சீன வெளியுறவு அமைச்சர் சென் யீயை மேனன் சந்தித்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 20-ல் தாக்குதல். அக்டோபர் 31-ல் பாதுகாப்புத் துறை பறிபோனது. நவம்பர் 7-ல் அமைச்சரவையிலிருந்தே வெளியேறினார். பழி முழுவதையும் அவர் தலையில் கட்டியது நியாயமில்லை. அந்தக் கொள்கை நேருவுடையதும்கூட. ஆனா ஆபத்து பாகிஸ்தானிடமிருந்துதான் என்று கடைசிவரை நம்பியது மேனனின் சொந்தத் தவறு. ஆவடி டாங்க்கே சமவெளிப் போருக்கான ஆயுதம். இமயமலைக்கு அது பெரிசா உதவியிருக்காது.

‘விஜயந்தா’ என்று பெயர் பெற்ற அந்த டாங்க் 1971 போரில் களம் கண்டது. ஆவடியில் மொத்தம் 2,000-க்கும் மேல் தயாராகின. மேனன் மறுபடி அமைச்சராகவே இல்லை. 1971-ல் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக ஜெயித்து எம்.பி. ஆனவர், 1974 அக்டோபர் 6-ல் டெல்லியில் இறந்தார்.