கூந்தல் வளர்த்த மாது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே உலாவிய பத்திரிகைகளைப் புரட்டுவோர் கண்ணில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்பத் தென்படும். அதில் ஒரே பெண்ணின் படங்கள் மூன்று அடுத்தடுத்து நிற்கும். நடுப்படத்தில் அவளுடைய தலைமயிர் வளர்ச்சி குன்றிக் குட்டையாய்க் காணப்படும். இரு மருங்கிலும் உள்ள படங்களிலோ அதே பெண்ணின் கூந்தல் அடர்ந்து தோளுக்குக் கீழே வழியும். தைலம் விற்போர் தம் தலையையே சாட்சியாக நிறுத்துவது அரிது. இம்மாது அங்ஙனம் நிறுத்தினார். அவரே மடாம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரால் உலகம் அறிந்த சாரா பிறீட்லவ்.

லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி நதியின் கரையிலே டெல்டா என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பருத்தித் தோட்டமொன்றில் 1867 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 23 ஆந் திகதி சாரா பிறந்தார். பெற்றோர் ஓவன், மினேர்வா என்போர். அத்தோட்டத்திலேயே அடிமைகளாயிருந்து, உள்நாட்டுப் போர் முடிந்தபின் விடுதலை எய்தியவர்கள். அக்குடும்பத்தின் பிள்ளைகளுள் அடிமை விலங்கின்றிப் பிறந்த முதற் குழந்தை சாராவே. விலங்குதான் இல்லை, வறுமை முன்போலவே இருந்தது. ஏழு வயதளவில் தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தமக்கை லுவேனியாவுடன் நதியைக் கடந்து விக்ஸ்பேர்க் நகரை அடைந்த சிறுமி, பிறர் வீடுகளில் ஏவல் செய்து வயிறு வளர்த்தாள். தமக்கையின் கணவன் கொடியவன். அவனிடமிருந்து தப்புவதற்காகவே பதினான்காம் வயதில் மோசஸ் மக்வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். 1885 இல் லீலியா என்னும் மகள் பிறந்தாள். இரண்டாண்டளவில் கணவர் இறந்தார். கைக்குழந்தையுடன் நின்ற விதவைக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை.

நதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் சென் லூயிஸ் என்னும் பெருநகர் வரும். அங்கே சாராவின் தமையன்மார் முடி திருத்தும் தொழில் நடத்திவந்தனர். அவர்களை நாடிச் சென்ற சாராவுக்குக் கிடைத்தது சலவைத் தொழில். நாளொன்றுக்கு ஒரு டொலருக்குச் சற்றே மேற்பட்ட கூலி. சவர்க்கார நீர் நிறைந்த தொட்டியின்மேற் குனிந்து, பலகையில் துணிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பதினாறு பதினேழு ஆண்டுகள் கழிந்தன. தமக்கு வாய்க்காத கல்வி மகளுக்கு வாய்க்கவேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தினால், அச்சிறு கூலியில் மிச்சம் பிடித்து, லீலியாவை டெனசி மாநிலத்திலுள்ள நொக்ஸ்வில் கல்லூரிக்கு அனுப்பினார். இடையில் மீண்டும் ஒரு மணம் நடந்தது, அது சுகப்படவில்லை.

இக்காலத்திலேதான் சாராவின் தலைமயிர் கொத்துக் கொத்தாய் உதிரத் தொடங்கியது. அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த அவலமன்று இது. அந்நகரில் அவரையொத்த ஏழைப் பெண்கள் பலர் வழுக்கையை மறைக்கத் தலையில் துணி கட்டித் திரிந்தனர். காரணம் விளங்குதற்கு அரியதன்று. வீட்டினுள் குழாய் நீர் கிடையாது. வெளியிலிருந்து சுமந்து வரும் நீரோ சமையலுக்கும் பிறர் துணிக்குமே போதும். குளிர்காலத்தில் தலையை நனைத்தால் உலர்வதெங்கே என்ற அச்சமும் இருந்தது. மாதம் ஒருமுறை தலை முழுகுவோரே அந்நாளில் சுத்தம் பேணுவோராகக் கருதப்பட்டனர். சனிக்கிழமை தோறும் எண்ணெய் முழுக்கு என்று பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். கிணறு முற்றத்தில் இருக்கும்வரை முழுக்கு எளிது என்பதை நாம் எண்ணுவதில்லை. முழுகும் அன்றும் அவர்கள் கையில் இருந்தது துணி வெளுக்கும் காரச் சவர்க்காரமே. தலைத்தோலிற் பொடுகும் படையும் சிரங்கும் படிந்து, மயிர்க்கால்கள் அடைபட்டு, வேர் தளர்ந்து மயிர் விழுந்தது. நாள் முழுதும் நீரிற் கைவைத்துப் பிறர் அழுக்கை நீக்கியவளுக்குத் தன் தலையை அலச நீரில்லாமற் போயிற்று.

அந்நாளில் ஆனி மலோன் என்னும் கறுப்பின மாது, தாமே தயாரித்த கூந்தல் வளர்ப்புக் களிம்பைச் சென் லூயிசில் வீடு வீடாக விற்பித்து வந்தார். 1904 ஆம் ஆண்டளவில் சாரா அவருடைய முகவர்களுள் ஒருவரானார். பிற்காலப் புகழுரைகள் ஆனி மலோனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன, அது நீதியன்று. தொழிலின் அரிச்சுவடியைச் சாரா கற்றது அவரிடமே. 1905 ஆம் ஆண்டு உறவினர் வாழ்ந்த டென்வர் நகருக்குச் சாரா புறப்பட்டபோது, கையிலிருந்த சேமிப்பு ஒன்றரை டொலர் மாத்திரமே. அங்கே மருந்து வணிகர் ஒருவரின் வீட்டிற் சமையல் செய்து கொண்டு, எஞ்சிய வேளையில் களிம்பு விற்றார். 1906 சனவரியில், பத்திரிகை விளம்பரத் தொழிலில் அனுபவமுடைய சார்ல்ஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். கணவரின் பெயரைத் தம் பெயராக்கி, அக்காலத்து அழகுக்கலை உலகில் பிரெஞ்சு மணம் வீசிய மடாம் என்னும் பட்டத்தையும் முன்னே சேர்த்துக்கொண்டு, சொந்தக் களிம்போடு கடை விரித்தார். ஆனி மலோன் வெகுண்டார். தம் சரக்கைப் போலி செய்வோரிடம் ஏமாற வேண்டாமென்று வாடிக்கையாளரை எச்சரித்துத் தம் வியாபாரச் சின்னத்தையும் பதிவு செய்துகொண்டார். இருவரின் பகையும் ஆயுள்வரை தீரவில்லை.

களிம்பின் இரகசியம் யாது? கனவில் ஒரு கரிய பெரியவர் தோன்றிக் கலவையைச் சொல்லித் தந்தாரென்றும், அதிற் சில பொருள்கள் ஆபிரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டனவென்றும் அம்மையார் ஊரூராய்ச் சொல்லி வந்தார். கனவு கண்டதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தகரக் குப்பியினுள் இருந்தது கந்தகப் பொடியும், வசலினும், தேன்மெழுகும், தேங்காயெண்ணெயும், சிறிது துருசும், காபோலிக் அமிலமும், அவற்றின் நெடியை மறைக்க வயலட் பூவின் வாசனையுமே. கந்தகக் களிம்பு தோல்நோய்க்கு நெடுங்காலமாய் வைத்தியர் அறிந்த மருந்து. பொடுகையும் படையையும் அது தணிக்கும். தலைத்தோல் ஆறினால், வேர் பட்டுப்போகாத இடங்களில் மயிர் மீண்டும் முளைக்கும். அதற்குமேல் அற்புதம் ஒன்றுமில்லை.

உண்மையில் அம்மையாரின் மருந்து குப்பியில் இருந்ததைவிட அவர் வகுத்த முறையிலேயே அதிகம் இருந்தது. முதலிற் கழுவு; அடிக்கடி கழுவு. காரச் சவர்க்காரத்தை விலக்கி, தாவர எண்ணெயிற் செய்த மென்மையான சவர்க்காரத்தைப் பயன்படுத்து. தூரிகையால் தலைத்தோலைத் தேய்த்து இரத்தவோட்டத்தைத் தூண்டு. பின்னர் விரல் நுனியாற் களிம்பைத் தோலில் தேய்; மயிரின் நுனியில் அன்று. வறண்ட மயிருக்கு இலேசான எண்ணெய் தடவு. இறுதியிற் சூடேற்றிய உருக்குச் சீப்பினால் வாரி மயிரைப் படியச் செய். இவ்வரிசையை அவருடைய பெண்கள் வீடு வீடாய்ச் சென்று செய்துகாட்டினர். இன்றைய கேசப் பராமரிப்பு நிபுணர் ஒருவர் இவற்றுள் முதல் நான்கைந்தினையும் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

சீப்பைப் பற்றியே வழக்கு. அதனைக் கண்டுபிடித்தவர் மடாம் வாக்கர் என்று எழுதுவோர் இன்றும் உளர், அது தவறு. சூட்டுச் சீப்புகள் பிரான்சு தேசத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்கில் இருந்தன. சூடு மயிரின் உள்ளமைப்பிலுள்ள மெல்லிய பிணைப்புகளைத் தளர்த்துவதாற் சுருள் நிமிரும்; நீர் பட்டால் மீண்டும் சுருளும். தம் இனத்தின் சுருண்ட மயிரை நிமிர்த்தி வெள்ளையரைப் போலாக்க முயல்பவர் என்று அம்மையாரைப் பலர் சாடினர். அச்சொல் அவரைச் சுட்டது. மயிர் நிமிர்த்துபவர் என்று தம்மை அழைப்பதை அவர் கடைசிவரை வெறுத்தார்; தலைத்தோலின் நலமே தம் தொழில் என்றார். அக்கூற்று முழு உண்மையென்று நாம் கொள்ளுவதற்கில்லை. வாடிக்கைப் பெண்களுட் பலர் சீப்புக்காகவே வந்தனர் என்பதை அவர் அறியாதவரல்லர். 1968 இல் தோல்நோய் வைத்தியர்கள், உச்சந் தலையில் தழும்பாகித் திரும்ப முளைக்காத ஒருவகை வழுக்கையைச் சூட்டுச் சீப்பின் பெயராலேயே குறித்தனர். சீப்பைத் தொடாதவரிடமும் அந்நோய் தோன்றுவது பின்னர் தெளிவாகவே, பெயர் மாற்றப்பட்டது. எனினும் மிகுந்த சூடு மயிரை முறிக்கும், தோலைச் சுடும் என்பதில் ஐயமில்லை.

வியாபாரம் பெருகிய கதையைச் சுருங்கச் சொல்லலாம். டென்வரிலிருந்து தபால் வழி அனுப்பும் பொறுப்பை மகளிடம் விட்டு, அம்மையாரும் கணவரும் தென் மாநிலங்களெங்கும் சுற்றினர். 1908 இல் பிற்ஸ்பேர்க்கில் பெண்களைப் பயிற்றும் பள்ளியொன்று மகள் பெயரால் எழுந்தது. 1910 இல் எட்டுத் திக்கும் இரயில் செல்லும் இந்தியானாபொலிசில் தொழிற்சாலை அமைந்தது. கணவரோடு மனம் முறிந்து 1912 அளவில் மணவிலக்கு ஆயிற்று. அவர் பெயர் மாத்திரம் குப்பிகளில் நிலைத்தது.

அம்மையாரின் கீழ்ப் பயின்ற முகவர்கள் ஆயிரமாயிரமாய்ப் பெருகினர். தென்னாட்டிற் கறுப்பினப் பெண்ணுக்கு அப்போது திறந்திருந்த வாயில்கள் மூன்று: பருத்தி வயல், வெள்ளையர் சமையலறை, சலவைத் தொட்டி. நான்காவதாக ஒரு வாயிலை இத்தொழில் திறந்தது. வெள்ளைச் சட்டையும் நீண்ட கரும் பாவாடையும் அணிந்து, கையிற் பெட்டியுடன் ஒரு பெண் தெருவில் நடந்தால், எவருடைய ஏவலும் இன்றித் தன் சம்பாத்தியத்தில் வாழ்பவள் என்பது அக்கோலத்திலேயே விளங்கிற்று. அவர்களுட் சிலர் வீடு வாங்கினர். சிலர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினர். மயிரை நிமிர்த்தியதா, முதுகை நிமிர்த்தியதா என்று கேட்டால், இரண்டையும் என்றே நாம் விடை சொல்லவேண்டும்.

இதனை ஒப்புக்கொள்ள ஆண்கள் தயங்கினர். கறுப்பினத் தலைவர்களுள் முதல்வராய் விளங்கிய புக்கர் டி. வாஷிங்டன் கூந்தல் வணிகத்தை இழிவாக எண்ணியவர். அவர் தலைமை தாங்கிய தேசிய நீக்ரோ வர்த்தகர் சங்கத்தின் மாநாடு 1912 இல் சிக்காகோவில் நடந்தது. அம்மையாரைப் பேச அழைக்குமாறு பத்திரிகை அதிபர் ஒருவர் வேண்டியும், தலைவர் செவிசாய்க்கவில்லை. இறுதி நாளன்று அம்மையார் அழைப்பின்றியே எழுந்தார். தென்னாட்டுப் பருத்தி வயலிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து அடுக்களைக்கும் வந்து, அங்கிருந்து தம்மைத் தாமே தொழிலதிபராய் உயர்த்திக்கொண்ட வரலாற்றைச் சபையின் நடுவே உரைத்துவிட்டு அமர்ந்தார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவரைப் பேச அழைத்தவர் அதே வாஷிங்டன்தான். அந்த 1913 ஆம் ஆண்டில் இந்தியானாபொலிசில் கறுப்பின இளைஞர்க்கான வை.எம்.சி.ஏ. கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு அம்மையார் ஆயிரம் டொலர் வாக்களித்திருந்தார். திறந்துவைக்க வந்த வாஷிங்டன் தங்கியதும் அம்மையாரின் இல்லத்தில்.

1917 ஆம் ஆண்டு யூலையில் கிழக்குச் சென் லூயிசில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தது. அவர் துணி வெளுத்த நகருக்கு எதிர்க்கரையிலே அது நிகழ்ந்தது. நியூயோர்க் வீதியிற் பதினாயிரம் பேர் அளவில் ஒரு சொல்லும் பேசாது நடந்த மௌன ஊர்வலத்தின் அமைப்பாளரோடு சேர்ந்து, அம்மையாரும் மனுவேந்தி வாஷிங்டன் நகர் சென்றார். சனாதிபதி வில்சனுக்கு அவர்களைச் சந்திக்க நேரமில்லை என்று செயலாளர் கூறினார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் பிலடெல்பியாவிற் கூடிய தம் முகவர்களின் முதல் மாநாட்டில், இருநூறு பெண்கள் அளவில் வந்திருந்த சபையில், அதிகம் விற்றவர்க்கு மட்டுமன்றி அதிகம் தருமம் செய்தவர்க்கும் பரிசு வழங்கினார். கொலைகளைக் கண்டித்துச் சனாதிபதிக்குத் தந்தி அனுப்பும் தீர்மானமும் அங்கு நிறைவேறியது. தலைக்கு எண்ணெய் தேய்க்கும் பெண்கள் அரசியல் பேசுவதா என்று எண்ணியவர்களுக்கு அதுவே விடை.

1918 இல் அட்சன் நதிக்கரையிலுள்ள ஏர்விங்டனில், ரொக்பெல்லர் போன்ற செல்வர்கள் குடியிருந்த சுற்றாடலில், அவர் வெண்ணிற மாளிகையொன்றை எழுப்பினார். வரைந்தவர் வேட்னர் டாண்டி என்னும் கறுப்பினச் சிற்பி. லீலியா வாக்கர் ராபின்சன் என்னும் மகளின் பெயரெழுத்துக்களைக் கோத்து, விலா லெவாரோ என்று அதற்குப் பெயர் சூட்டியவர் இசைவாணர் கறூசோ என்பர். அங்கே அவர் வாழ்ந்தது ஓராண்டே. இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் நெடுநாளாய் வாட்டின. ஓய்வெடுக்குமாறு வைத்தியர் கூறியும் கேளாமற் பயணம் செய்தவர், 1919 ஏப்ரலில் அதே சென் லூயிசில் நோய்வாய்ப்பட்டு இரயிலில் வீடு சேர்க்கப்பட்டார். அந்நாட்களில், கும்பற் கொலைகளுக்கு எதிரான இயக்கத்துக்கு ஐயாயிரம் டொலர் தருவதாக வாக்களித்தார். மே 25 ஆந் திகதி உயிர் பிரிந்தது. வயது 51. கோடீசுவரி என்று பத்திரிகைகள் எழுதின. கணக்குப் பார்த்தபோது சொத்து ஏறத்தாழ ஆறு இலட்சம் டொலர். நிறுவனத்தின் எதிர்கால இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமங்களுக்கென எழுதிவைத்திருந்தார்.

மகள் 1931 இல் மறைந்தபின் மாளிகை கைமாறிற்று. முதிய பெண்களின் இல்லமாகப் பல்லாண்டு இருந்தது. 2018 இல் அதனை வாங்கியது, நிறப் பெண்கள் சொந்தத் தொழில் தொடங்க உதவும் ஓர் அறநிறுவனம். அதனை அமைத்தவர் லைபீரியாவிற் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். பொருள் திரட்டிய வழி கூந்தல் தைலமும் சவர்க்காரமும்.