வீதியைத் துலக்கிய ஊர்வலம்
பழைய நகர்களின் காவலர் பேட்ரிக் கெடிஸ் வாழ்வும் பணியும்

ஆலயத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் துலங்கத் தொடங்குவது சந்நிதி மட்டுமன்று. ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளும் துலங்குகின்றன. தேர் வரும் பாதையில் தேங்கிய குப்பை அகலும். வாயில்தோறும் மாவிலைத் தோரணம் ஏறும். ஆண்டு முழுவதும் பேசிக்கொள்ளாத அண்டை வீட்டாரும் நீர்மோர்ப் பந்தலில் சேர்ந்து நின்று தொண்டாற்றுவர். வழிபாட்டுக்குரிய விழா, ஊரைச் சீர்படுத்தும் ஆற்றலாகவும் அமைந்துவிடுகிறது.

இவ்வுண்மையை உணர்ந்து, அதைக் கொண்டே கொள்ளைநோய் பரவிய ஒரு நகரைத் துப்புரவு செய்யத் துணிந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். நகரமைப்புக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் போற்றும் இப்பெருமகனார், தம் பணியைத் தொடங்கியது ஒரு பழைய நகரின் இருண்ட சந்தில், அண்டை அயலாரை ஒன்றுகூட்டிய சிறு சங்கத்தின் வழியாகவே ஆகும்.

தோட்டத்தில் வளர்ந்த இளமை

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். பெர்த் நகரை அடுத்த இல்லத்தில், தந்தையாரின் தோட்டத்திலேயே அவருடைய முதற்கல்வி அமைந்தது. பின்னர் லண்டன் சென்று, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார்.

ஆய்வுப் பணிக்காக 1879ஆம் ஆண்டு மெக்சிகோ சென்றபோது அவருடைய கண்பார்வை மங்கிற்று. இருட்டறையில் பல வாரங்கள் அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது. பார்வை மீண்டதாயினும், நுண்ணோக்கியில் நெடுநேரம் ஆராயும் பணி இனி இயலாது என்றாயிற்று. செடிகளையும் சிற்றுயிர்களையும் ஆராய்ந்த சிந்தனை மெல்ல மனிதர் வாழும் ஊர்களின்பால் திரும்பியது. உயிருக்கும் அது வாழும் சூழலுக்கும் உள்ள உறவை அறிந்தவர், வீதிக்கும் அதில் வாழும் குடும்பத்துக்கும் உள்ள உறவை எளிதில் உணர்ந்தார்.

கைவிடப்பட்ட பழைய நகரம்

எடின்பரோ நகரில் கோட்டையிலிருந்து கீழிறங்கும் குன்றின் முதுகில் அமைந்தது பழைய நகரம். ஒரு காலத்தில் பிரபுக்களும் வணிகரும் அறிஞரும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பள்ளத்தாக்குக்கு அப்பால் புதிய நகரம் எழுந்ததும், வசதி படைத்தோர் அங்கே குடிபெயர்ந்தனர். பழைய நகரின் உயர்ந்த கட்டடங்கள் ஒட்டுக்குடித்தனங்களாக மாறின. ஓர் அறையில் ஒரு குடும்பம் என நெருங்கி வாழ்ந்தனர். வெளிச்சமும் காற்றும் அரிதாயின, நோய் நிலைகொண்டது.

நகராட்சி கண்ட தீர்வு பெரும்பாலும் இடிப்பதாகவே இருந்தது. இடித்த இடத்தில் அகன்ற சாலை வரும். அங்கே வாழ்ந்த ஏழைகளோ அடுத்த சந்தில் போய் மேலும் நெருங்குவர். இடிப்பதால் வறுமை இடம் மாறுகிறதேயன்றி மறைவதில்லை என்பதைக் கெடிஸ் கண்டார்.

சங்கமும் சுண்ணாம்பு வாளியும்

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிற்றுநராக இருந்த காலத்தில், 1885ஆம் ஆண்டு, ஒத்த கருத்துடைய நண்பர்களோடு எடின்பரோ சமூகச் சங்கம் தோன்றக் காரணமாக விளங்கினார். பழைய குடியிருப்புகளைப் பொறுப்பேற்றுப் பழுதுபார்ப்பது, பொது மண்டபங்களை ஓவியங்களால் அணிசெய்வது, சன்னல்களில் பூச்செடி வளர்க்க ஊக்குவிப்பது ஆகியவை அச்சங்கத்தின் பணிகள். லண்டனில் ஆக்டேவியா ஹில் அம்மையார் கையாண்ட வழியைப் பின்பற்றி, வாடகை வசூலிக்கத் தொண்டுள்ளம் கொண்ட பெண்மணிகளை அனுப்பினர். வாடகை பெற வருபவரே ஒழுகும் கூரையையும் அடைபட்ட சாக்கடையையும் நேரில் கண்டு சங்கத்துக்குச் சொல்வார்.

இதனினும் துணிவான செயல் அடுத்து நிகழ்ந்தது. 1886ஆம் ஆண்டு அன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்த கெடிஸ், புதிய நகரின் வசதியான இல்லத்தை விட்டு, பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்துக்குக் குடிபுகுந்தார். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் ஒரு காலத்தில் வாழ்ந்த அம்முற்றம் அப்போது சீரழிந்து கிடந்தது. கற்றவர் என்னும் பெருமிதம் பாராது, கெடிஸ் தம்பதியர் தம் கைகளாலேயே பெருக்கினர், கழுவினர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். தொடக்கத்தில் வியப்போடு பார்த்திருந்த அயலார் ஒவ்வொருவராகத் துணைக்கு வந்தனர். அறிவுரை கூற வந்தவரிடம் கிட்டாத நம்பிக்கை, அயலாராக வந்து வாளியைத் தூக்கியவரிடம் பிறந்தது.

பின்னர் மாணவர்கள் தாமே நிருவகிக்கும் விடுதிகளை அப்பகுதியில் நிறுவினார். கற்றோரும் தொழிலாளரும் ஒரே வீதியில் வாழ்ந்தாலன்றிப் பழைய நகரம் உயிர்பெறாது என்பது அவர் கொள்கை. கோட்டையை ஒட்டி ராம்சே கார்டன் என்னும் அழகிய குடியிருப்பு 1890களில் எழுந்தது. 1892ஆம் ஆண்டு ஒரு பழைய கட்டடத்தைப் பெற்று, நகர் நோக்கும் கோபுரமாக அமைத்தார். அதன் உச்சியில் நின்றால் நகரம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். தம் ஊரை முதலில் முழுமையாகக் காணவேண்டும், பின்னரே அதைத் திருத்த முற்படவேண்டும் என்பதே அக்கோபுரம் கற்பித்த பாடம்.

அக்கோபுரத்தை மையமாகக் கொண்ட குழுவினர் பழைய நகரின் வெற்றிடங்களைக் கால்நடையாகச் சென்று கணக்கெடுத்தனர். 70க்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள், ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில், குப்பை மேடுகளாகக் கிடந்தமை தெரியவந்தது. அவற்றுள் சிலவற்றைக் கெடிஸின் மகள் நோராவின் மேற்பார்வையில் சிறு தோட்டங்களாக்கினர். வெஸ்ட் போர்ட் பகுதியில் உருவான தோட்டம் இன்றும் உள்ளது.

கெடிஸிடம் குறையும் இல்லாமல் இல்லை. கட்டடங்களை வாங்குவதில் காட்டிய வேகத்தை அவர் கணக்கு வழக்கில் காட்டவில்லை. கடன் சுமை ஏறவே, 1896ஆம் ஆண்டு நண்பர்கள் ஒரு நிறுவனம் அமைத்து அச்சொத்துகளின் பொறுப்பை ஏற்றனர். ஆர்வம் தொடங்கிவைத்த பணியைப் பொறுப்பான நிருவாகமே நிலைநிறுத்தும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று, 1914ஆம் ஆண்டு கெடிஸ் இந்தியா வந்தார். நகரங்களைப் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் வேறு கப்பலில் வந்தன. சென்னையையும் பினாங்கையும் தாக்கிய அதே எம்டன் போர்க்கப்பல் அக்கப்பலையும் மூழ்கடித்தது. வாழ்நாள் தேட்டம் கடலுக்கு இரையான போதிலும் அவர் தளரவில்லை. நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

சென்னை மாகாணத்தின் நகரங்களைக் கெடிஸ் நடந்தே ஆராய்ந்தார். கோயிலை நடுவாகக் கொண்டு வீதிகள் சூழ அமைந்த தென்னாட்டு ஆலய நகரங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முற்பட்டோருக்கு, தூர்க்க வேண்டா, தூய்மை செய்து மீன்களை விடுக என்று அறிவுறுத்தினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்வீதிகள் அமைக்கும் திட்டம் அவர்முன் வைக்கப்பட்டது. இடிந்துபோன சில கட்டடங்களை மட்டும் அகற்றி, வெற்றிடங்களை இணைத்து, மரம் நட்டாலே போதும், செலவும் ஆறில் ஒரு பங்கே ஆகும் என எடுத்துக்காட்டினார். நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி உடலைக் காக்கும் மருத்துவரைப் போன்றது அவர் கையாண்ட முறை.

இந்தூரில் ஒரு தீபாவளி

1917ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயர் விளைத்த ஆண்டு. மூத்த மகன் அலஸ்டர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அன்னா அம்மையாரோ இந்தியாவில் நோய்ப்படுக்கையில் இருந்தார். மகன் மறைந்த செய்தியை மனைவியிடம் கூற இயலாமல் கெடிஸ் தம் நெஞ்சுக்குள்ளேயே அடக்கிக்கொண்டார். அச்செய்தியை அறியாமலே அம்மையார் சூன் திங்களில் கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட்டில் உடன்நின்று சுண்ணாம்பு அடித்த துணை மறைந்தது.

அத்துயரைச் சுமந்தபடியே இந்தூர் சமஸ்தானத்தின் அழைப்பை ஏற்றார். அங்கே பிளேக் நோயும் மலேரியாவும் மக்களை வாட்டின. நகரமைப்பாளர் என்றாலே வீட்டை இடிப்பவர் என அஞ்சிய மக்கள் அவரை வெறுப்போடு நோக்கினர். தீபாவளி நெருங்கிற்று. அந்த ஒரு நாளுக்குத் தம்மை மகாராஜாவாக இருக்க அனுமதிக்குமாறு மன்னரிடம் கெடிஸ் வேண்டினார், மன்னரும் இசைந்தார்.

தீபாவளி ஊர்வலம் இம்முறை வழக்கமான வீதிகளில் செல்லாது, எந்த வீதியில் வீடுகள் மிகுதியாகத் துப்புரவாகிப் பழுது நீங்கி மரங்களும் நடப்பட்டிருக்கின்றனவோ அவ்வீதியிலேயே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. குப்பையைக் கட்டணமின்றி அகற்றவும் ஏற்பாடாயிற்று. ஊர் முழுவதும் சுறுசுறுப்புற்றது. ஊர்வலம் தம் வாயிலைக் கடந்து செல்லும் பேற்றுக்காக மக்கள் போட்டியிட்டுத் தூய்மை செய்தனர். ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது.

ஊர்வலத்தில் யானைகளும் குதிரைகளும் விளைபொருள் வண்டிகளும் அணிவகுத்தன. அரக்கன் உருவத்தோடு, பிளேக் நோயின் அடையாளமாக மாபெரும் எலி உருவமும் வந்தது. நகரையே ஒரு தேவியாக உருவகித்து ஏற்றியிருந்தனர். அனைத்துக்கும் மேலாக, ஊர் ஒதுக்கிவைத்திருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் தூய வெண்ணிற ஆடையுடன், புதிய விளக்குமாறு ஏந்தி, அலங்கரித்த வண்டிகளோடு அவ்வூர்வலத்தில் பெருமையுடன் நடந்தனர். மக்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பெற்றன. முடிவில் அரக்கனும் எலியும் தீக்கிரையாயின. நோய்ப் பருவமும் தன் போக்கில் முடிவுற்றது. துப்புரவும் அதற்குத் துணைநின்றது. அஞ்சி ஒதுங்கிய மக்கள் கெடிஸை அன்போடு வரவேற்றனர்.

நிலைத்த புகழ்

1919ஆம் ஆண்டு முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் வரலாற்றை எழுதினார்; கவியரசர் தாகூரின் நட்பைப் பெற்றார். 1932ஆம் ஆண்டு சர் பட்டம் பெற்று, அவ்வாண்டே ஏப்ரல் 17ஆம் நாள், பிரான்சு நாட்டின் மாண்ட்பெல்லியே நகரில் இயற்கை எய்தினார்.

இடிபடவிருந்த எடின்பரோ பழைய நகரத்தை, புதிய நகரத்தோடு சேர்த்து, 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றது. அப்பெருமைக்குப் பின்னால், பெயர் அறியப்படாத அயலார் பலர் துடைப்பமும் வாளியும் ஏந்திய உழைப்பும் உண்டு.

பழைமையான ஆலயங்களும் அவற்றைச் சூழ்ந்த வீதிகளும் இந்நாட்டிலும் உள்ளன. திருவிழா முடிந்து கொடி இறங்கிய மறுநாள் அவ்வீதி எவ்வாறு இருக்கிறது என்பதே தொண்டின் உண்மையான அளவுகோல். விழாவுக்காக இணைந்த கைகள் விழாவுக்குப் பின்னும் பிரியாதிருப்பின், இறைவன் உலா வந்த வீதி ஆண்டு முழுவதும் துலங்கி நிற்கும்.