கோ. நா. இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயணய்யர் இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 - ஏப்ரல் 7, 2001) இந்தியாவைச் சேர்ந்த புகழ் பெற்ற இயற்பியலாளரும் உயிரியற்பியலாளரும் ஆவார். ஜி. என். இராமச்சந்திரன் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் காணப்படும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற வடிவம் உடையது என்பதைச் சென்னையில் பணியாற்றிய காலத்தில் கண்டறிந்தார். புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம் இவர் பெயரால் வழங்குகிறது. உடலின் உட்பகுதியை எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து கணக்கிட்டு உருவாக்கும் சி. டி. ஸ்கேன் முறைக்கு அடிப்படையான கணித வழிகளுள் ஒன்றை 1971 ஆம் ஆண்டில் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் இணைந்து வெளியிட்டார். மருத்துவர் அல்லர் எனினும், கதிரியல் மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கும் படங்களுக்குப் பின்னால் இவருடைய கணக்கு உள்ளது.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரனின் குடும்பம் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கோபாலசமுத்திரத்தைப் பூர்வீகமாகக் கொண்டது. இவர் அன்றைய கொச்சி சமத்தானத்தைச் சேர்ந்த எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயணய்யர் அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் பணியாற்றியவர். கணிதத்தில் இராமச்சந்திரனுக்கு இருந்த பற்று தந்தையிடமிருந்து வந்ததாகும்.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறையில் இருந்த ச. வெ. இராமன் இவருடைய திறமையைக் கண்டு தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். இராமனின் வழிகாட்டலில் ஒளியியலிலும் படிகங்களின் எக்ஸ்-கதிர் ஆய்விலும் ஈடுபட்ட இராமச்சந்திரன், 1947ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில், ஊஸ்டர் என்பவரின் கீழ் ஆய்வு செய்து இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். படிகங்களில் எக்ஸ்-கதிர்கள் பரவலாகச் சிதறுவதைக் கொண்டு அவற்றின் மீள்தன்மை மாறிலிகளைக் கணக்கிடுவது இவ்வாய்வின் பொருளாகும். இக்காலத்தில் லைனஸ் பாலிங் கேம்பிரிட்ஜுக்கு வந்து ஆற்றிய உரைகள், உயிரினங்களிலுள்ள பெரிய மூலக்கூறுகளின்பால் இவருடைய நாட்டத்தைத் திருப்பின.

சென்னையில் கொலாஜன் ஆய்வு

1949ல் நாடு திரும்பி இந்திய அறிவியல் கழகத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க ஒருவரைத் தேடினார். இராமனின் பரிந்துரையின் பேரில் அப்பொறுப்பு இராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. அப்பொழுது இவருக்கு முப்பது வயது நிறைவடையவில்லை.

அவ்வாண்டு சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் வடிவம் குறித்து அதுவரை முன்வைக்கப்பட்டவை எவையும் நிறைவளிக்கவில்லை என்பதை எடுத்துக்கூறினார். இதனைத் தொடர்ந்து இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதனைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டனர். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுக்கப்பட்ட கொலாஜன் கிடைத்தது. அதன் எக்ஸ்-கதிர் படங்களோடு ஒரு வேதியியல் செய்தியையும் இருவரும் இணைத்துப் பார்த்தனர். கொலாஜனிலுள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் ஆகும். அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது இதுவே. மூன்று இழைகள் ஒன்றையொன்று நெருங்கிச் செல்ல வேண்டுமானால், ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடந்தோறும் நடுப்பகுதியை நோக்கி மிகச் சிறிய அமினோ அமிலமே அமர முடியும். இவ்வாறு மூவிழைச் சுருள் என்ற கருத்து பிறந்தது.

இதன் முதல் வடிவம் 1954ல் நேச்சர் இதழில் வெளிவந்தது. மூன்று சுருள்களும் தமக்குள் மேலும் முறுக்கிக்கொண்டுள்ளன என்ற திருத்திய வடிவம் 1955 செப்டம்பரில் அதே இதழில் வெளிவந்தது.

பிணக்கு

1955 ஆம் ஆண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் கொலாஜனுக்குத் தம் வடிவத்தை வெளியிட்டனர். மூன்று இழைகளின் முறுக்கு என்ற அடிப்படையில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. ஆனால் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்று சென்னைக் குழு கூற, ஒன்று மட்டுமே இயலும் என்று அவர்கள் கூறினர். சென்னை வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பதும் அவர்களுடைய குறை.

பிற்கால ஆய்வுகள் இரு தரப்பையும் ஓரளவு தெளிவுபடுத்தின. 1994ல் வெளியான நுண்ணிய படிக ஆய்வு, இழைகளுக்கிடையே நேரடியான ஐதரசன் பிணைப்பு ஒன்றே என்பதையும், நீர் மூலக்கூறுகள் வழியாக மேலும் பிணைப்புகள் அமைகின்றன என்பதையும் காட்டியது. பிணைப்பு எண்ணிக்கையில் ரிச், கிரிக் ஆகியோரின் கூற்று சரியாக இருந்தது. மூவிழைச் சுருள் என்ற அடிப்படைக் கருத்தை முதலில் வெளியிட்ட பெருமை சென்னைக் குழுவினருக்கு உரியது. எனினும் பல நூல்களில் இப்பெருமை நெடுங்காலம் முறையாகக் குறிக்கப்படவில்லை.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் ஒதுக்கிவிடவில்லை. அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் தொகுத்து, ஒவ்வொரு இணை அணுக்களுக்கும் இயல்பான தொலைவையும் மிகக் குறைந்த தொலைவையும் வரையறுத்தார். பின்னர் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டார். இரண்டு கோணங்களை இரு அச்சுகளாகக் கொண்ட சதுரத்தில், அணுக்கள் மோதாத பகுதிகள் சில தீவுகளாக மட்டுமே எஞ்சின. 1963ல் வெளியான இக்கட்டுரையே இராமச்சந்திரன் வரைபடத்தின் தோற்றம். இன்று புரத வடிவம் ஒன்று உலகப் புரதத் தரவு வங்கியில் சேர்க்கப்படும்போது, அதன் கோணங்கள் இவ்வரைபடத்தில் எங்கு விழுகின்றன என்பது சரிபார்க்கப்படுகிறது. ஒரு குறையை மறுக்க முயன்றதிலிருந்து, அக்குறையை விடப் பெரிய கண்டுபிடிப்பு வந்தது.

நிழல்களிலிருந்து உருவம்

1969ல் முதலியார் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு இராமச்சந்திரனும் சென்னையை விட்டு நீங்கினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் துறையைத் தோற்றுவித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பகுதி நேரப் பேராசிரியராக இருந்தார். இக்காலத்தில்தான் இவருடைய மருத்துவப் படிமவியல் பங்களிப்பு உருவானது.

சாதாரண எக்ஸ்-கதிர் படத்தில் உடலின் முன்னும் பின்னும் உள்ள உறுப்புகள் அனைத்தும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. பல கோணங்களில் எடுத்த நிழல்களைக் கொண்டு உட்புறத்தின் குறுக்குவெட்டைத் திரும்பப் பெற முடியும் என்பதை ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோகான் ராடன் 1917லேயே நிறுவியிருந்தார். ஆலன் கோர்மாக் 1963, 1964 ஆம் ஆண்டுகளில் இதனை எக்ஸ்-கதிர்களுக்குப் பொருத்தி எழுதினார். ஆனால் கணினியில் விரைவாகச் செய்யத் தக்க வழி தேவைப்பட்டது.

ஒவ்வொரு நிழலையும் வந்த திசையிலேயே படத்தின் மீது இழுத்துப் பூசி, எல்லாத் திசைகளையும் கூட்டுவது எளிய வழி. இவ்வாறு செய்தால் உருவம் தோன்றும். ஆனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிலும் மங்கல் படரும். இம்மங்கலை நீக்க ஃபூரியே உருமாற்றம் பயன்பட்டு வந்தது. இதற்கு எல்லா நிழல்களையும் சேர்த்து உருமாற்றி, இடைப்பட்ட மதிப்புகளை ஊகித்து நிரப்பி, மீண்டும் உருமாற்ற வேண்டும். அன்றைய கணினிகளுக்கு இது பெருஞ்சுமை.

இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் 1971ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக நடவடிக்கைகள் இதழில் வெளியிட்ட கட்டுரையில், ஃபூரியே உருமாற்றமே இல்லாமல் இதனைச் செய்து காட்டினர். நிழலின் ஒவ்வொரு அளவீட்டையும் அதன் அண்டை அளவீடுகளோடு குறிப்பிட்ட எடைகளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நடுவிலுள்ள அளவீட்டுக்கு நேர்மறை எடை. அதிலிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றுக்குத் தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் எதிர்மறை எடை. இரட்டைப்படை இடங்களுக்கு எடை சுழி. இவ்வாறு திருத்திய நிழல்களைப் படத்தின் மீது பூசினால், எதிர்மறைப் பகுதிகள் மங்கலைக் கழித்துவிட, கூர்மையான உருவம் எஞ்சும். பெருக்கலும் கூட்டலும் மட்டுமே தேவை. ஒரு கோணத்தின் அளவீடு வந்தவுடனே அதனைக் கணக்கிட்டு முடித்துவிடலாம். ஏனைய கோணங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதே கணிதக் கருத்தை வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967ல் பயன்படுத்தியிருந்தனர். எக்ஸ்-கதிர் படங்களுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் அதனைக் கொண்டுவந்தது இராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் ஆகியோரின் பணியாகும்.

அதே 1971 ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியால் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 180 கோணங்களில் 28,800 அளவீடுகளை எடுத்து, 80க்கு 80 கட்டங்கள் கொண்ட படத்தை அக்கருவி அளித்தது. தொடக்கத்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு சமன்பாடுகளைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தீர்க்கும் முறையைக் கையாண்டார். விரைவில் நிழல்களைத் திருத்திப் பூசும் முறையே கருவிகளில் நிலைபெற்றது. 1974ல் ஷெப், லோகன் ஆகியோர் எடைகளை மாற்றியமைத்தனர். முதற்கட்டுரை இணைக்கதிர்களுக்கு மட்டுமே பொருந்தியது. விசிறி போல் விரியும் கதிர்களுக்கான விரிவை லட்சுமிநாராயணன் 1975ல் அளித்தார்.

1979 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கோர்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரன் நோபல் பரிசு பெறவில்லை. இவ்விருவர் பெயரின் முதற்பகுதிகளைச் சேர்த்த ராம்-லாக் வடிகட்டி என்ற பெயர் படிமவியல் நூல்களில் நிலைத்துள்ளது. மேட்லாப் மென்பொருளின் நிழல்-மீட்புச் செயற்கூற்றில், பயனர் வேறெதையும் குறிப்பிடாவிட்டால் இயங்குவது இதுவே. அண்மைக் காலத்தில் குறைந்த கதிர்வீச்சில் தெளிவான படம் பெறுவதற்காக மறுசெய்கை முறைகளும் கணினிவழிக் கற்றல் முறைகளும் பெருகியுள்ளன. எனினும் அவற்றை ஒப்பிட்டு அளக்கும் அடிப்படையாக இம்முறை தொடர்கிறது.

விருதுகள்

1961ல் இயற்பியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார். 1977ல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் 1999ல் இவருக்கு எவால்டு பரிசை வழங்கியது.

இறுதிக் காலம்

1978ல் தாம் தோற்றுவித்த துறையின் பொறுப்பிலிருந்து விலகிய பின், தருக்கத்தைக் கணித வடிவில் அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டார். இந்தியத் தத்துவத்திலும் கருநாடக இசையிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயால் துன்புற்றார். 1945ல் மணந்த மனைவி இராஜலட்சுமி 1998ல் காலமானது இவரைப் பெரிதும் பாதித்தது. ஏப்ரல் 7, 2001 அன்று சென்னையில் காலமானார். இவருடைய மகன் இரமேஷ் நாராயண் வானியற்பியலாளராகப் பெயர் பெற்றவர்.

கங்காரு வால் கொலாஜனை இவருக்கு அளித்த மத்திய தோல் ஆராய்ச்சிக் கழகத்தின் அரங்கு, மூவிழைச் சுருள் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியுள்ளது.