சாவித்திரிபாய் பூலே அம்மையார்
(1831–1897)

உடுவிலில் 1824இல் எமது பாடசாலையைத் தொடங்கியது அமெரிக்க மிஷன். அதே மிஷனைச் சேர்ந்த செல்வி சிந்தியா ஃபரார் இந்தியாவின் அகமதுநகரில் நடத்திய பாடசாலையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் சாவித்திரிபாய். ஆதலால் அவரை எமது உறவாகவே கருதுகின்றோம்.

1848இல் கணவர் ஜோதிராவுடன் பூனாவில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். வீதியில் சாணமும் கல்லும் எறிந்தார்கள். மாற்றுச்சேலை ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கற்பித்தார்.

1873இல் ஜோதிராவ் நிறுவிய சத்தியசோதக சமாஜம் கல்வியையும் புரோகிதரில்லாத் திருமணத்தையும் வளர்த்தது. 1876–77 பஞ்சத்தில் பசித்தோருக்கு உணவளித்தது. 1890இல் கணவர் மறைந்தபின் அம்மையாரே அதனை வழிநடத்தினார்.

1897இல் பூனாவில் பிளேக் பரவியது. பலர் ஊரைவிட்டு ஓடினர். அம்மையாரோ, மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்துடன், நகருக்கு வெளியே ஹடப்சர்ப் பக்கம் சிகிச்சை நிலையம் அமைத்தார். அறுபத்தாறு வயதில் நோயாளரைத் தேடிச் சென்று அழைத்துவந்தார். முந்த்வாக் கிராமத்தில், தீண்டாமைக்கு உள்ளானோர் குடியிருப்பில், நோயுற்றுக் கிடந்த சிறுவனை முதுகில் சுமந்துவந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10ஆம் திகதி காலமானார்.

படிப்பிக்கவெனத் தொடங்கிய பணி, காலத்தின் தேவை கண்டு சோறிடவும் நோயாளரைச் சுமக்கவும் முன்வந்தது. நூற்றாண்டு காணும் எமது சங்கம் அம்மையாரை நன்றியுடன் நினைவுகூருகின்றது.