வெப்பம் ஆய்ந்த அறிஞர்

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898 ஆம் ஆண்டு பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். கல்கத்தாவில் இராமனுக்கு உற்ற துணையாய் 1928 இல் ஒளிச்சிதறலை அவர் ஆய்ந்தமை பலரும் அறிந்ததே. அவர்தம் பிற்கால ஆராய்ச்சியை அறிந்தோர் சிலரே.

வல்லத்திராக்கோட்டை போன்ற சிற்றூர்களில் கோடைக்காலத்தில் மண்பானை நீர் குளிர்ந்திருக்கக் காண்கிறோம். நுண்துளைகளின் வழியே கசியும் நீர் பானையின் புறத்தே மெல்லிய படலமாய்ப் படர்ந்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே கவர்ந்துகொள்கிறது. மிகக் காய்ச்சிய பொருளினின்று எலெக்ட்ரான்கள் வெளியேறுவதும் இதனை ஒத்ததே. அவையும் ஆற்றலைக் கவர்ந்தே வெளியேறும். அவ்வாற்றலை அளப்பதுதான் அரிது. வெளியேற முயல்வனவற்றுள் சிலவற்றைப் பரப்பே திருப்பிவிடும். எத்துணை என்று அறிதல் எளிதன்று.

1947 முதல் கிருஷ்ணன் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராய் விளங்கினார். தலைமைப் பதவி ஆராய்ச்சியை விழுங்கிவிடுவது உலகியற்கை. அவரிடம் அது நிகழவில்லை. எஸ். சி. ஜெயின் என்பாருடன் கூடிக் காரீயகக் கரியாலான சிற்றறையைக் காய்ச்சி, உள்ளே நிறைந்த எலெக்ட்ரான் ஆவியைச் சிறு துளை வழியே வெளிவிட்டு அளந்தார். அறையினுள் வெளியேறுவனவும் மீள்வனவும் சமமாகிவிடுதலால், பரப்பின் தடை கணக்கைக் குலைக்கவில்லை. இம்முடிவுகள் 1952 இல் வெளிவந்தன.

பின்னர், வெற்றிடத்தில் மின்சாரத்தால் காயும் மெல்லிய கம்பியை எடுத்துக்கொண்டார். தாங்கிகள் வெப்பத்தை ஈர்ப்பதால் கம்பியின் முனைகள் குளிர்ந்தும் நடுப்பகுதி மிகக் காய்ந்தும் நிற்கும். அவ்வெப்பநிலை இடத்திற்கு இடம் மாறும் முறையைக் கணித்து, 1954 இல் கட்டுரைகளாய் வெளியிட்டார். 1961 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் காலமாகும் வரை அவரே அவ்வாய்வகத்தின் இயக்குநராய் இருந்தார்.