ஜெ. ஆர். டி. டாட்டா

ஜெகாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா (ஜூலை 29, 1904 - நவம்பர் 29, 1993) இந்தியத் தொழிலதிபரும் வானோடியும் ஆவார். பரவலாக ஜெ. ஆர். டி. என அறியப்படுகிறார். இந்தியாவில் முதன்முதலாக வானூர்தி ஓட்டுனர் உரிமம் பெற்றவர் இவரே. பின்னாளில் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்ற வானூர்தி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1938 முதல் 1991 வரை டாட்டா குழுமத்தின் தலைவராக இருந்தார். எஃகு, வேதிப்பொருள், மென்பொருள் எனப் பல துறைகள் இவர் பொறுப்பில் வளர்ந்தபோதும், இவர் தம் மனத்துக்கு மிக நெருக்கமாகக் கருதியது வானூர்திப் போக்குவரத்தையே. இக்கட்டுரை இவர் வாழ்வின் அப்பகுதியையே பெரிதும் விவரிக்கிறது.

இளமை

பாரிசு நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா பார்சி சமூகத்தவர். தாய் சூசான் பிரியேர் பிரெஞ்சுப் பெண்மணி. இதனால் பிரெஞ்சு மொழியே இவருடைய முதல் மொழியாக அமைந்தது. வடபிரான்சின் கடற்கரை ஊரான ஆர்தெலோவில் இவர் குடும்பத்தின் கோடைக்கால இல்லம் இருந்தது. 1909 இல் ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் கடந்த லூயி பிளேரியோவின் இல்லமும் அவ்வூரிலேயே இருந்தது. பதினைந்தாம் வயதில் வானூர்தியொன்றில் சிறிது நேரம் பறந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வானோடியாக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே உறுதிப்பட்டது.

1925 இல் டாட்டா நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிலுனராகச் சேர்ந்தார். 1929 இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள் இவருக்கு வழங்கப்பட்ட ஓட்டுனர் உரிமத்தின் எண் 1.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசொன்றை அறிவித்திருந்தார். 1930 இல் இவர் கராச்சியிலிருந்து புறப்பட்டார். எதிர்த்திசையில் இலண்டனிலிருந்து அசுப்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் வந்துகொண்டிருந்தார். எகிப்தின் அபூக்கிர் வானூர்தித் தளத்தில் தீப்பொறிச் செருகி இல்லாமல் எஞ்சினியர் தவித்திருப்பதைக் கண்ட டாட்டா, தம்மிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்து உதவினார். சில மணி நேர வேறுபாட்டில் எஞ்சினியர் வென்றார். அவர் பின்னாளில் இந்திய வான்படையின் தலைமைத் தளபதியானார்.

அஞ்சல் வானூர்தி

நெவில் வின்சென்ட் என்னும் வானோடி, கராச்சிக்கு இலண்டனிலிருந்து வந்து சேரும் அஞ்சலை அங்கிருந்து தென்னாட்டுக்கு வானூர்தியில் கொண்டு செல்லும் திட்டத்துடன் டாட்டாவை அணுகினார். அரசிடமிருந்து மானியம் ஏதும் கிடைக்கவில்லை. எனினும் டாட்டா நிறுவனம் சிறு முதலீட்டுடன் பணியைத் தொடங்கியது.

அக்டோபர் 15, 1932 அன்று டாட்டா தாமே புஸ் மாத் வகை ஒற்றை எந்திர வானூர்தியை ஓட்டிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாது வழியாக மும்பையின் ஜுகூ களத்தை அடைந்தார். அகமதாபாதில் எரிபொருள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. மும்பையிலிருந்து வின்சென்ட் அஞ்சலைப் பெற்றுக்கொண்டு பெல்லாரி வழியாக மறுநாள் சென்னை வந்தடைந்தார். இந்திய வானூர்திப் போக்குவரத்தின் முதல் வழித்தடம் இவ்வாறு சென்னையில் முடிந்தது. வானொலி வழிகாட்டலோ, ஓடுபாதையோ அக்காலத்தில் இல்லை. ஜுகூ ஒரு சேற்றுநிலம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடுமாதலால் பணிகளைப் புனேவுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

முதல் ஆண்டில் 1,60,000 மைல்கள் பறந்த இச்சேவை 155 பயணிகளையே ஏற்றிச் சென்றது. அஞ்சலே முதன்மையானது, பயணி இரண்டாம் நிலையினர். இந்நிலையில் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் பயணியரை உபசரிப்பதில் பெயர் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. 1938 இல் சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை வழித்தடம் நீண்டது. 1946 இல் டாட்டா ஏர்லைன்சு பொதுப்பங்கு நிறுவனமாகி ஏர் இந்தியா எனப் பெயர் மாறியது. தலைப்பாகையும் மீசையுமாகப் பணிந்து நிற்கும் மகாராசா உருவம் அவ்வாண்டிலேயே தோன்றியது. நிறுவனத்தின் வணிக அதிகாரி பாபி கூக்காவும் ஓவியர் உமேசு ராவும் அதனை உருவாக்கினர்.

நெடுந்தொலைவுச் சேவை

1948 இல் அரசு 49 விழுக்காடு பங்கு பெற்ற ஏர் இந்தியா இண்டர்நேசனல் நிறுவப்பட்டது. சூன் 8, 1948 அன்று மலபார் பிரின்செசு என்னும் கான்சுடலேசன் வானூர்தி 35 பயணிகளுடன் மும்பையிலிருந்து கெய்ரோ, செனீவா வழியாக இலண்டனுக்குப் புறப்பட்டது. பயணிகளுள் டாட்டாவும் ஒருவர்.

பிரித்தானிய, அமெரிக்க நிறுவனங்களிடம் பெரும் வானூர்திக் கூட்டமும் பரந்த வழித்தடங்களும் இருந்தன. அவற்றோடு அளவில் போட்டியிடுவது இயலாது என்பதை டாட்டா உணர்ந்திருந்தார். வானூர்தி எல்லாருக்கும் ஒன்றே. அதனைச் செய்பவை ஒரு சில நிறுவனங்களே. எனவே வேறுபாட்டைக் காட்டக்கூடிய இடம் பயணி அமரும் அறையும் அவருக்குக் கிடைக்கும் உபசரிப்புமே எனக் கொண்டு அதில் முழுக் கவனம் செலுத்தினார்.

ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னரும் தாம் கண்ட குறைகளை எழுதி மேலாளர்களுக்கு அனுப்புவது இவர் வழக்கம். இருக்கை எவ்வளவு சாய்கிறது, திரைச்சீலையின் நிறம் என்ன, முகப்பு மேசையில் தூசி படிந்துள்ளதா என்பன அவற்றில் இடம்பெற்றன. 1951 இல் எழுதிய ஒரு மடலில், செனீவாவில் ஏற்றப்படும் தேநீர் நிறத்தில் காப்பியைப் போலவே இருப்பதாகக் குறைப்பட்டுள்ளார். பறக்கும்போது இருக்கையிலிருந்து எழுந்து சென்று கழிவறையில் காகிதச் சுருள் சரியாக மாட்டப்பட்டுள்ளதா எனப் பார்த்துவிட்டு வருவார் என்றும் கூறுவர். ஒரு பெருங்குழுமத்தின் தலைவருக்கு இவை அற்பமானவையாகத் தோன்றலாம். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓர் அறையில் அடைபட்டிருக்கும் பயணிக்கு வானூர்தி நிறுவனம் என்பது இவையே.

இன்று நெடுந்தொலைவுப் பயணங்களில் காணப்படும் வணிக வகுப்பு இவர் தலைமை வகித்த காலத்தின் இறுதியில்தான் உலகில் தோன்றத் தொடங்கியது. அதுவரை முதல் வகுப்பு, சிக்கன வகுப்பு என இரண்டே இருந்தன. 1967 இல் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசளிப்பதற்காக ஓவியர் சால்வடோர் டாலி சாம்பல் கிண்ணமொன்றை வடிவமைத்துக் கொடுத்தார். கூலியாக அவர் கேட்டது யானைக்குட்டி. அதுவும் எசுப்பானியாவுக்கு அனுப்பி வைக்கப்பட்டது.

1960 இல் போயிங் 707 வாங்கி, தாரை வானூர்தியை இயக்கிய முதல் ஆசிய நிறுவனமாக ஏர் இந்தியா ஆனது. அவ்வாண்டு மே மாதம் நியூயார்க் சேவை தொடங்கியது. 1962 இல் தாரை வானூர்திகளை மட்டுமே கொண்ட உலகின் முதல் வானூர்தி நிறுவனம் என்ற நிலையை எட்டியது. 1971 இல் முதல் போயிங் 747 ஆன எம்பரர் அசோகா வந்து சேர்ந்தது. அதன் சாளரங்களைச் சுற்றி வெளிப்புறத்தில் அரண்மனை மாடங்களைப் போல வளைவுகள் தீட்டப்பட்டிருந்தன. மேல்தளத்தில் முதல் வகுப்பினருக்கான ஓய்வுக்கூடம் அமைந்தது. வானூர்தி நிலையங்களிலும் நிறுவனத்தின் ஓய்வறைகள் மகாராசாவின் பெயரைத் தாங்கின.

நாட்டுடைமையும் பதவி நீக்கமும்

1953 இல் வானூர்தி நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. முறையான கலந்தாய்வின்றி எடுக்கப்பட்ட இம்முடிவை டாட்டா எதிர்த்தார். நேருவுடன் இவருக்கிருந்த நட்பு அதற்குத் தடையாக இருக்கவில்லை. எனினும் தலைவர் பதவியை ஏற்குமாறு அரசு கேட்டபோது இசைந்தார். தம் குழுமத்துக்கு உரிமையில்லாத நிறுவனத்தை ஊதியம் பெறாமல் 25 ஆண்டுகள் நடத்தினார். அரசுத்துறை நிறுவனம் தரத்தில் தாழ்ந்தே இருக்கும் என்ற கருத்தை இக்காலத்து ஏர் இந்தியா பொய்ப்பித்தது எனலாம். ஆனால் அத்தரம் ஒரு தனிமனிதரின் கண்காணிப்பைப் பெரிதும் சார்ந்திருந்தது.

சனவரி 1, 1978 அன்று மும்பையிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட எம்பரர் அசோகா சில நிமிடங்களில் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 213 பேரும் உயிரிழந்தனர். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாய் அரசு டாட்டாவைப் பதவியிலிருந்து நீக்கியது. விபத்தே இதற்குக் காரணம் என அரசு கூறவில்லை. அரசின் மடல் கைக்கு வருமுன்பே, தமக்கு அடுத்துத் தலைவராக நியமிக்கப்பட்ட முன்னாள் வான்படைத் தளபதி பி. சி. லால் வாயிலாகவே இவர் செய்தியை அறிய நேர்ந்தது. மேலாண்மை இயக்குனர் கே. ஜி. அப்புசாமி பதவி விலகினார். அப்போது ஆட்சியில் இல்லாத இந்திரா காந்தி டாட்டாவுக்கு ஆறுதல் மடல் எழுதினார். மீண்டும் பிரதமரானபின் 1980 இல் இவரை இயக்குனர் குழுவில் சேர்த்தார். தலைவர் பதவி திரும்பவில்லை.

இறுதிக்காலம்

முதல் பறப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, அக்டோபர் 15, 1982 இல், தம் 78 ஆம் வயதில் லெப்பர்டு மாத் என்னும் பழைய வானூர்தியில் கராச்சியிலிருந்து மும்பைக்குத் தனியாகப் பறந்து வந்தார். 1992 இல் பாரத ரத்னா விருது பெற்றார். செனீவாவில் காலமான இவருடைய உடல் பாரிசின் பெர் லாசேசு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

தொடர் இழப்பில் சிக்கிய ஏர் இந்தியாவை அரசு விற்க முடிவு செய்தபோது டாட்டா குழுமமே அதனை ஏலத்தில் பெற்றது. சனவரி 27, 2022 அன்று, நாட்டுடைமையாகி 69 ஆண்டுகளுக்குப் பின்னர், நிறுவனம் அக்குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது.