புறநகர் தந்த பாடல்

1940ஆம் ஆண்டு லிவர்பூலில் பிறந்த ஜான் லெனன், ஐந்து வயது முதல் வூல்ட்டன் புறநகரில், ‘மெண்டிப்ஸ்’ என்னும் இல்லத்தில் தம் பெரியம்மா மிமியிடம் வளர்ந்தார். கண்டிப்பும் நூல்களும் நிறைந்த இல்லம் அது. கிதார் ஒலியைப் பெரியம்மா பொறாததால், கண்ணாடியிட்ட முன்வாயிலில் நின்றே அவர் இசை பயின்றார். அவருக்குப் பான்ஜோ வாசிக்கக் கற்பித்தவர், நடக்கும் தொலைவில் வேறு வீட்டில் வாழ்ந்த பெற்ற தாய் ஜூலியா.

1958 ஜூலை 15ஆம் நாள், மிமியைக் கண்டு திரும்பிய அத்தாய், அவ்வில்லத்தின் அருகிலேயே கார் மோதி உயிர் நீத்தார். மகனுக்கு அப்போது வயது 17.

சிறுவயதில் விளையாடிய குழந்தைகள் காப்பகத் தோட்டம் 1967இல் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலாயிற்று. மறு ஆண்டு தாயின் பெயரே பாடலாயிற்று. 1980இல் நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வளர்ந்த தெருவையும் இழந்த தாயையும் பாடுபொருளாக்கிய துணிவே அப்பாடல்களின் உயிர்.